அக்கரம் முதல் தேமல் வரை



மாரடைப்பைப் பற்றிப் பேச்சு என்றால் அரங்கு நிறைந்துவிடும். சர்க்கரை நோய் என்றால் நின்றுகொண்டாவது கேட்பார்கள். வெள்ளைப்படுதல், அரிப்பு, தொடை இடுக்கில் புண் என்று அழைப்பிதழில் போட்டால் வருகிறவர்கள் குறைவு. வருகிறவர்களும் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கைக்குழந்தையின் வாயில் வரும் அக்கரத்துக்கு மட்டும் இந்த வெட்கம் கிடையாது. பாட்டி முதல் பக்கத்து வீட்டு அத்தை வரை எல்லாரும் எட்டிப் பார்த்து வைத்தியம் சொல்வார்கள். ஆனால் குழந்தையின் நாக்கில் வெள்ளையாகப் படிவதும், அதன் அம்மாவைத் தூங்கவிடாமல் அரிக்க வைப்பதும், தாத்தாவின் பல்செட்டுக்கு அடியில் மேலண்ணத்தைச் சிவக்க வைப்பதும் பெரும்பாலும் ஒரே உயிரிதான். கேண்டிடா அல்பிகன்ஸ் என்பது அதன் பெயர். ஒற்றைச் செல் பூஞ்சை. ஈஸ்ட் வகையைச் சேர்ந்தது. பேக்கரியில் ரொட்டி மாவை உப்ப வைப்பதும் ஈஸ்ட்தான் என்றாலும் அது வேறு இனம். ரொட்டி தின்றதால் வெள்ளைப்பட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்தக் கேண்டிடா பெரும்பாலும் வெளியிலிருந்து படையெடுத்து வருவதில்லை. நலமாக இருக்கும் மனிதர்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் வாயில் அது இருக்கிறது. குடலில் இருக்கிறது. எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களிலேயே நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேரின் பிறப்புறுப்பில் இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பாக்டீரியாக்கள் இடம் கொடுக்காமல் நெருக்குவதாலும், நம் நோய் எதிர்ப்பாற்றல் கண்காணிப்பதாலும், தோல் கிழியாமல் உலர்ந்து இருப்பதாலும் அது அடங்கிக் கிடக்கிறது. இந்தக் காவலில் ஏதாவது ஒன்று தளர்ந்தால் உருண்டையாக இருந்த செல் நீண்டு இழையாகிறது. இழை திசுவுக்குள் துளைத்து இறங்குகிறது. இறங்கும்போது கேண்டிடாலைசின் என்ற நச்சுப் புரதத்தை அது சுரக்கிறது என்பதை லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2016-ல்தான் கண்டுபிடித்தார்கள். அரிப்புக்கும் எரிச்சலுக்கும் அந்த நச்சும், அதைக் கண்டு உடம்பு காட்டும் சீற்றமும் காரணம்.

ஆகவே, "இது யாரிடமிருந்து ஒட்டியது?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை, யாரிடமிருந்தும் இல்லை என்பதே. இந்த ஒரு கேள்வியால் எத்தனையோ வீடுகளில் கணவன் மனைவிக்குள் சந்தேகம் புகுந்திருக்கிறது. பெண்களுக்கு வரும் ஈஸ்ட் தொற்றைப் பால்வினை நோயாக மருத்துவம் கணக்கில் எடுப்பதில்லை. கணவருக்கு அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் அவருக்கு மருந்தும் வழக்கமாகத் தேவையில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இவ்வளவு காலம் சும்மா இருந்தது இப்போது ஏன் எழுந்தது? இந்தப் பேச்சு முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வரப்போகிறது.

இந்தக் கேள்வியை மருத்துவ உலகம் சுலபமாக எட்டிவிடவில்லை. 1839-ல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் பெர்ன்ஹார்ட் ஃபான் லாங்கன்பெக், டைஃபஸ் காய்ச்சலில் இறந்த ஒருவரின் தொண்டையில் இந்தப் பூஞ்சையைப் பார்த்தார். பார்த்தது சரி, அதுதான் டைஃபஸுக்கே காரணம் என்று முடிவு கட்டியது தவறு. உடம்பு நலிந்ததால் பூஞ்சை எழுந்ததா, பூஞ்சை எழுந்ததால் உடம்பு நலிந்ததா என்ற குழப்பம் அன்றே தொடங்கிவிட்டது. சில ஆண்டுகளில் ஸ்டாக்ஹோமின் அநாதைக் குழந்தைகள் இல்லத்தில் மருத்துவராக இருந்த ஃபிரெட்ரிக் பெர்க், குழந்தைகளின் வாய் வெண்படலம் பூஞ்சையால் வருவது என்று நிறுவினார். நிறுவிய விதம்தான் கொடுமை: நோயுற்ற குழந்தையின் படலத்தை எடுத்து நலமான குழந்தைகளின் வாயில் வைத்துப் பார்த்தார். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதற்குக் கையெழுத்துப் போடாது. பொதுவில் பயன்படுத்தும் பால் புட்டிகள் வழியாக இது பரவும் என்பதையும் அவர்தான் சொன்னார். அந்தப் பகுதி இன்றும் செல்லும்.

அடுத்த நூறு ஆண்டுகளில் இதற்குச் சொல்லிக்கொள்ளும்படி மருந்து எதுவும் வரவில்லை. ஊதா நிற ஜென்ஷன் வயலட்டைத் தடவினார்கள். நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் வாயெல்லாம் ஊதாவாக உட்கார்ந்திருந்த குழந்தைகளை இங்குள்ள பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். பிறகு 1940களில் பெனிசிலின் வந்தது. ஆன்டிபயாடிக்குகள் வரிசையாக வந்தன. பாக்டீரியாக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. அவற்றோடு கேண்டிடாவை அடக்கி வைத்திருந்த நல்ல பாக்டீரியாக்களும் செத்தன. நிமோனியாவிலிருந்து பிழைத்தவருக்கு வாயெல்லாம் வெண்படலம்!

இந்த இடத்தில்தான் இரண்டு பெண்களின் கதை வருகிறது. எலிசபெத் லீ ஹேசன் மிசிசிப்பியில் பிறந்து, மிகச் சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்து, உறவினர் வீட்டில் வளர்ந்தவர், நுண்ணுயிரியல் படித்தவர். ரேச்சல் ஃபுல்லர் பிரௌன் வேதியியல் படித்தவர். இருவருக்கும் வேலை நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில். ஹேசன் இருந்தது நியூயார்க் நகரத்தில். பிரௌன் இருந்தது ஏறக்குறைய 240 கிலோமீட்டர் தள்ளி, ஆல்பனியில். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்து கிடைத்தன அல்லவா, பூஞ்சையைக் கொல்வதும் மண்ணிலேயே கிடைக்கும் என்று நம்பி 1948-ல் தேடத் தொடங்கினார்கள். பல இடங்களிலிருந்து வந்த மண்ணில் ஹேசன் நுண்ணுயிர்களை வளர்ப்பார். பூஞ்சையைக் கொல்லும் அறிகுறி தெரிந்தால் அந்த வளர்ப்பைக் கண்ணாடி ஜாடியில் அடைத்துத் தபாலில் ஆல்பனிக்கு அனுப்புவார். பிரௌன் அதிலிருந்து வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து, அதே தபாலில் திருப்பி அனுப்புவார். ஹேசன் சோதிப்பார். பூஞ்சையைக் கொன்ற பொருள்களில் பெரும்பாலானவை சோதனை விலங்குகளையும் கொன்றன.

கடைசியில் கைகொடுத்தது, வர்ஜீனியாவில் ஹேசனின் நண்பர்களான, நர்ஸ் என்ற பெயர்கொண்ட குடும்பத்தார் வைத்திருந்த பால் பண்ணையின் மண். அதில் கிடைத்த நுண்ணுயிருக்கு அந்தக் குடும்பத்தின் பெயரையே சேர்த்து ஸ்ட்ரெப்டோமைசஸ் நர்ஸி என்று பெயரிட்டார்கள். மருந்துக்கு நியூயார்க் மாநிலத்தின் பெயரால் நிஸ்டாட்டின். 1950-ல் அறிவித்தார்கள், சில ஆண்டுகளில் விற்பனைக்கு வந்தது. உரிமத் தொகையாக 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. இருவரும் தங்களுக்கென்று அதில் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. அத்தனையும் ஆராய்ச்சிக்குப் போயிற்று. 1966-ல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்தை வெள்ளம் சூழ்ந்து பழைய ஓவியங்களில் பூஞ்சணம் பூத்தபோது, அவற்றைக் காப்பாற்றவும் இதே நிஸ்டாட்டினைத்தான் பயன்படுத்தினார்கள். இன்றும் குழந்தைகளின் வாயில் சொட்டு மருந்தாக விடுவது இதைத்தான். குடல் இதை உறிஞ்சிக்கொள்வதில்லை என்பதால் விழுங்கினாலும் பெரிதாகக் கெடுதல் இல்லை.

குழந்தைக்கே வருவோம். நாக்கில் வெள்ளை தெரிந்தால் எல்லாம் அக்கரம் இல்லை. பால் குடித்த பிறகு நாக்கின் நடுவில் மட்டும் படிந்திருப்பது பால் படிவு. ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். கன்னத்தின் உட்புறத்திலும் ஈறிலும் உதட்டின் உள்ளேயும் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு, துடைத்தால் அடியில் சிவந்து, சில நேரம் ரத்தம் கசிந்தால் அது அக்கரம். நிஸ்டாட்டின் அல்லது குளோட்ரிமசோல் சொட்டு மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில், பால் கொடுத்த பிறகு, வாயின் எல்லா மூலைக்கும் படும்படி தடவ வேண்டும். அம்மாவுக்கு மார்புக்காம்பில் எரிச்சலோ வலியோ இருந்தால் அவரையும் அதே நேரத்தில் பரிசோதிக்க வேண்டும். இல்லையென்றால் இருவருக்கும் மாறி மாறி வந்துகொண்டிருக்கும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

இங்கே ஒரு பழைய வழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துக் குழந்தையின் நாக்கில் தடவுவது நம் வீடுகளில் உண்டு. இது நமக்கு மட்டும் சொந்தமான வழக்கம் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்திலும் வெங்காரம் கலந்த தேன் மருந்துக்கடையில் விற்றது. ரப்பர் சூப்பானில் தடவிக் குழந்தை வாயில் வைப்பார்கள். 1983-ல் அங்குள்ள மருத்துவ இதழ் ஒன்றில், அப்படித் தரப்பட்ட ஏழு குழந்தைகளுக்கு வலிப்பு வந்த விவரம் வெளியானது. தடவுவதை நிறுத்தியதும் வலிப்பு நின்றது. வெங்காரத்தில் உள்ள போரான் சிறு உடம்பில் மெல்ல மெல்லச் சேர்ந்துவிடுகிறது. தேனும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகைப் பாக்டீரியாவின் நச்சு தசைகளை முடக்கிவிடும். பாட்டி சொன்னதில் பல நல்லவை உண்டு. இதை மட்டும் விட்டுவிடுங்கள்.

பெரியவர்களுக்கு வாயில் வந்தால் காரணம் தேடுவது இன்னும் அவசியம். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுக்கிறவர்கள் இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை, பல நேரம் அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதும் இல்லை. பல்செட்டை இரவில் கழற்றி வைக்காமல் தூங்குகிறவர்களுக்கு அடியில் சிவந்துபோகும். வெற்றிலை, புகையிலை போடுகிறவர்கள் ஒன்றை நன்றாக நினைவில் வைக்க வேண்டும்: கன்னத்தில் இருக்கும் வெள்ளைத் திட்டு சுரண்டினாலும் வரவில்லை என்றால் அது வெறும் பூஞ்சையாக இல்லாமல் இருக்கலாம், புற்றுநோயாக மாறக்கூடிய படலமாகவும் இருக்கலாம். அதற்கு மருந்து தடவிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காரணமே தெரியாமல் ஓர் இளைஞரின் வாயில் வெண்படலம் வருவது எவ்வளவு பெரிய செய்தியாக இருக்க முடியும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில், லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வந்தது. ஐவருக்கும் அபூர்வமான நுரையீரல் தொற்று. ஐவருக்கும் கேண்டிடா தொற்று. பின்னாளில் எய்ட்ஸ் என்று பெயர் பெற்ற நோயின் முதல் பதிவு அதுதான். ஐந்தாண்டுகள் கழித்து, 1986-ல், சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். அதன் பிறகு வாய் வெண்படலத்தைப் பார்க்கும் மருத்துவர் எச்.ஐ.வி. பரிசோதனையையும் நினைப்பது வழக்கமாயிற்று. வெண்படலம் வந்த எல்லாருக்கும் எச்.ஐ.வி. என்று பொருளில்லை. விளக்கம் கிடைக்காதபோது பார்த்துவிடுவது புத்திசாலித்தனம், அவ்வளவுதான்.

இனி பெண்களின் விஷயம். பெண்களில் நான்கில் மூவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது பிறப்புறுப்பில் ஈஸ்ட் தொற்று வருகிறது. பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு இரண்டாம் முறையும் வருகிறது. இவ்வளவு சாதாரணமான ஒன்றைப் பற்றி இவ்வளவு மௌனம் ஏன்? மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் ராணி பங்கும் அவருடைய குழுவினரும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989-ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் உலுக்குகிறது. நூற்றுக்கு 92 பேருக்கு ஏதாவதொரு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன் ஒருமுறையாவது மகளிர் நோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 8 பேர் மட்டுமே.

மௌனத்தின் மறுபக்கத்தில் பயம் இருக்கிறது. வெள்ளைப்பட்டால் எலும்பு உருகி வெளியேறுகிறது, உடம்பில் சத்துப் போய்விடுகிறது என்று இன்றும் நம்புகிறார்கள். எலும்பு உருகுவதும் இல்லை, சத்துப் போவதும் இல்லை. இரண்டு மாதவிலக்குகளுக்கு நடுவிலும் கர்ப்ப காலத்திலும் வாடையோ அரிப்போ இல்லாமல் தெளிவாகவோ வெள்ளையாகவோ படுவது இயற்கை; அது உறுப்பு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் வழி. கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் குழுவினரும் சுமார் 2,500 பெண்களிடம் நடத்தி 2005-ல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைப்படுவதாகச் சொன்ன பெண்களிடம் கிருமித் தொற்றைவிட மனச்சோர்வும் குடும்பக் கஷ்டமும்தான் அதிகம் தெரிந்தன. "உடம்பே முடியல, வெள்ளைப்படுது" என்று ஒரு பெண் சொல்லும்போது முதல் பாதியையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். மருந்துச் சீட்டை மட்டும் நீட்டினால் போதாது.

ஈஸ்ட் தொற்று என்றால் தாங்க முடியாத அரிப்பு இருக்கும். திரிந்த தயிர் போலக் கட்டியாக வெள்ளை வரும். சிவந்து வீங்கும், சிறுநீர் பட்டால் எரியும். வாடை பெரும்பாலும் இருக்காது. சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் வாடையோடு வந்தால் அது பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்த கோளாறு. மஞ்சளும் பச்சையுமாக நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அது பால்வினை நோய், கணவருக்கும் சேர்த்தே சிகிச்சை தர வேண்டும். ஈஸ்ட்டுக்கான மருந்து வேறு, மற்ற இரண்டுக்குமான மருந்து வேறு.

சொல்லும்போது சுலபமாகத்தான் தெரிகிறது. அமெரிக்காவில் டேரன் ஃபெரிஸ் என்ற மருத்துவரும் உடன் ஆய்ந்தவர்களும், தங்களுக்கு ஈஸ்ட் தொற்று என்று தாங்களே முடிவு செய்து கடையில் மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்தார்கள். 2002-ல் வெளியான முடிவு: மூன்றில் ஒருவருக்குத்தான் உண்மையில் அது மட்டும் இருந்தது. முன்பு மருத்துவர் ஒருமுறை அப்படிக் கண்டறிந்து சொல்லியிருந்தவர்களும் அதே அளவு தவறாகவே ஊகித்திருந்தார்கள். படித்தவர், அனுபவப்பட்டவர் என்ற வித்தியாசம் இதில் உதவுவதில்லை. சந்தேகத்தைத் தீர்க்கப் பெரிய கருவியும் வேண்டாம். அமிலத்தன்மை காட்டும் ஒரு காகிதத் துண்டு, ஒரு நுண்ணோக்கி, ஒரு துளி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் போதும். அந்தத் துளி மற்ற செல்களைக் கரைத்துவிட்டுப் பூஞ்சை இழைகளை மட்டும் மிச்சம் வைக்கும்.

தொற்று என்று உறுதியானால் மருந்து எளியது, மலிவானது. குளோட்ரிமசோல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் 1960களின் இறுதியில் உருவானது. உள்ளே வைக்கும் மாத்திரையாகவும் களிம்பாகவும் கிடைக்கிறது. ஃபுளுகோனசோல் இங்கிலாந்தின் சாண்ட்விச் ஊரில் ஃபைசர் ஆய்வகத்தில் கென் ரிச்சர்ட்சன் குழுவினர் உருவாக்கியது. 150 மில்லிகிராம் ஒரே மாத்திரை. சாதாரணத் தொற்றுக்கு அது போதும். அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் வெள்ளைப்படுதலுக்கென்று பச்சை நிறப் பெட்டி ஒன்று இலவசமாகத் தருகிறார்கள். அதில் இருப்பது இந்த ஃபுளுகோனசோலும், மற்ற இரண்டு கோளாறுகளுக்கான செக்னிடசோலும்.

ஆனால் கர்ப்பிணிகள் ஃபுளுகோனசோல் மாத்திரையை விழுங்கக் கூடாது. டென்மார்க்கில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று அதைக் கருச்சிதைவோடு தொடர்புபடுத்தியது. 2016-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரித்தது. அவர்களுக்கு ஏழு நாள் உள்ளே வைக்கும் மருந்தே சரி. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும், சில வகைக் கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஃபுளுகோனசோலுக்கு முன் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். வார்ஃபரின்காரர்களுக்கு வாயில் தடவும் மைக்கோனசோல் ஜெல்கூட ஆகாது.

வருடத்தில் மூன்று நான்கு முறை திரும்பி வந்தால் அது வேறு கணக்கு. ஜாக் சோபல் என்ற மருத்துவர் தலைமையில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், வாரம் ஒரு ஃபுளுகோனசோல் வீதம் ஆறு மாதம் சாப்பிட்ட பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அந்தக் காலம் முழுவதும் நலமாக இருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 36 பேர். மருந்தை நிறுத்தி மேலும் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்தத் தொண்ணூறு 43 ஆகக் குறைந்திருந்தது. மருந்து அடக்கி வைக்கிறது, வேரறுப்பதில்லை. இப்படித் திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு எந்த இன ஈஸ்ட் என்று வளர்த்துப் பார்க்க வேண்டும். கேண்டிடா கிளாப்ராட்டா என்ற இனம் ஃபுளுகோனசோலுக்குச் சரியாக மசியாது. அதற்குப் போரிக் அமிலம் அடைத்த கேப்சூலை உள்ளே வைக்கச் சொல்வதுண்டு. கேரம் போர்டில் தூவும் பவுடரும் பெரும்பாலும் போரிக் அமிலம்தான். அதற்காகப் பவுடர் டப்பாவைத் தேடி ஓடாதீர்கள். வாய்வழி போனால் அது நஞ்சு. அளவறிந்து மருத்துவர்தான் தர வேண்டும்.

தயிரைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். ஆஸ்திரேலியாவில் மரீ பிரோட்டா குழுவினர், ஆன்டிபயாடிக் சாப்பிடும் பெண்களுக்கு லாக்டோபாசிலஸ் பாக்டீரியாவை வாய்வழியாகவும் உள்ளே வைத்தும் கொடுத்துப் பார்த்தார்கள். 2004-ல் வந்த முடிவு: ஈஸ்ட் தொற்றை அது தடுக்கவில்லை. தயிர்ச்சோறு நன்றாகச் சாப்பிடுங்கள், உள்ளே தடவாதீர்கள். இளநீர், வெந்தயம் எல்லாம் அப்படித்தான், கெடுதலும் இல்லை, மருந்தும் இல்லை. குளிக்கும் நீரில் டெட்டால் ஊற்றிக் கழுவுவது கெடுதல். வெளியே வெறும் தண்ணீர் போதும். உள்ளே கழுவவே வேண்டாம். உள்ளாடையை வேறு துணிக்கு அடியில் மறைத்து, வெயில் படாத மூலையில் அரையீரமாகக் காயவைக்கும் பழக்கத்தையும் விட்டால் நல்லது. கொடியில் காய்வது துணிதான், மானம் இல்லை.

இணையத்தில் கிடைக்கும் இன்னொரு கதை, சோர்வு, தலைவலி, மூட்டுவலி எல்லாவற்றுக்கும் உடம்பில் பெருகிய ஈஸ்ட்தான் காரணம் என்பது. 1983-ல் வில்லியம் குருக் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய புத்தகத்திலிருந்து பரவியது. 1986-லேயே அந்நாட்டு ஒவ்வாமை மருத்துவர் கழகம் இதற்குச் சான்று இல்லை என்று சொல்லிவிட்டது. ஆனாலும் ஈஸ்ட்டை விரட்டும் உணவுத் திட்டங்கள் விலைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

ஈஸ்ட்டுக்கு உண்மையான தொடர்பு இருப்பது சர்க்கரை நோயோடு. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்தி 2023-ல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். ரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரை ஏறினால் ஈஸ்ட்டுக்கு விருந்து. ஆண்களுக்கு முன்தோலில் அடிக்கடி சிவந்து வெடித்து அரித்தால், சர்க்கரை நோய் காட்டும் முதல் அறிகுறியாகவே அது இருக்கலாம். அதோடு, இப்போது பரவலாக எழுதப்படும் டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றியே வேலை செய்கின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துகள்தான். ஆனால் சாப்பிடும் பெண்களில் நூற்றுக்கு ஆறு முதல் பத்துப் பேருக்குப் பிறப்புறுப்பில் ஈஸ்ட் தொற்று வருகிறது. ஆண்களுக்குச் சற்றுக் குறைவு. மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். சிறுநீர் கழித்ததும் கழுவித் துடைப்பது உதவும். மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டால் அவர் வேறு காரணங்களைத் தேடிக்கொண்டிருப்பார்.

தோலுக்கு வந்தால், ஈஸ்ட்டுக்கு ஈரம் வேண்டும். மார்புக்கு அடியில், தொடை இடுக்கில், குழந்தையின் டயப்பருக்குள் சிவந்து, ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் தனித்தனியாகச் சிதறியிருந்தால் கேண்டிடா என்று சந்தேகிக்கலாம். நகச்சுத்து இன்னொரு வகை. டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர், மீன் அலசுகிறவர், வீடு வீடாகப் பாத்திரம் தேய்க்கிறவர் இவர்களுக்கு நாளெல்லாம் கை ஈரத்தில். முதலில் ஈரமும் சோப்பும் நகக்கண்ணின் தோலைப் பிரிக்கின்றன. அந்த இடைவெளியில் ஈஸ்ட் குடியேறுகிறது. களிம்பு தடவிவிட்டு மறுபடி தொட்டியில் கையை விட்டால் ஆறாது. கையுறை வாங்கித் தர வேண்டியது முதலாளி.

தேமலும் ஈஸ்ட்தான் என்பது பலருக்குச் செய்தி. மலசீசியா என்ற இந்த ஈஸ்ட் தோலின் எண்ணெயில் வாழ்கிறது. வியர்க்கும் ஊர்களில் கொழிக்கிறது. பொடுகிலும் அதற்குப் பங்குண்டு. கீட்டோகனசோல் ஷாம்புவை உடம்பில் தடவிச் சற்று ஊறவிட்டுக் கழுவினாலே தேமல் அடங்கும். ஆனால் பூஞ்சை செத்த பிறகும் தோலின் நிறம் திரும்ப மாதங்கள் ஆகும். மருந்து பலிக்கவில்லை என்று நினைத்து ஆட்கள் களிம்பை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். தேமல் ஒட்டுவதில்லை. வெளிறிய திட்டில் உணர்ச்சி குறைந்திருந்தால் மட்டும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அது தொழுநோயாக இருக்கலாம். படர்தாமரை ஈஸ்ட் அல்ல, வேறு வகைப் பூஞ்சை.

எல்லாவற்றுக்கும் ஒரே டியூப் என்று கடையில் கிடைக்கும் கலவைக் களிம்புகளில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் இருக்கும். தடவிய இரண்டு நாளில் அரிப்பு போய்விடும், பூஞ்சை போகாது. ஸ்டீராய்டின் மறைவில் பரவும், தோல் மெலிந்து வரிவரியாகும். தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்ததே தவிர, நடைமுறையில் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். இப்படி மருந்தை இறைப்பதற்கு விலை உண்டு. 2009-ல் ஜப்பானில் ஒரு பாட்டியின் காதில் முதலில் காணப்பட்ட கேண்டிடா ஆரிஸ் இன்று பல மருந்துகளுக்கு மசியாமல் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் உயிர் குடிக்கிறது. இந்திய மருத்துவமனைகளிலும் இருக்கிறது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அபாயப் பூஞ்சைகள் பட்டியலின் முதல் வரிசையில் அது இருக்கிறது. நமக்கு நன்கு பழகிய கேண்டிடா அல்பிகன்ஸும் அதே வரிசையில்தான் இருக்கிறது.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். முதல்முறை வந்தால் மருத்துவரிடம் காட்டி, என்ன தொற்று என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மறுபடி வந்தால், பழைய சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதற்கு முன் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். சாப்பிடும் மருந்துகள் அத்தனையின் பெயரையும் எழுதி எடுத்துப் போய் மருத்துவரின் மேசையில் வையுங்கள். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்றால் தயங்காமல் கேளுங்கள்.

இனி கேள்வி நேரம். பெயர் எழுதாமல் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பலாம்.